கடைசி டம்ளரின் சக்கை

மார்ச் 4, புதன்

விரல்கள் மறுபடியும் கறுப்பு. வெள்ளி நைட்ரேட் கையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. வெயிலில் நடந்து, பஸ் ஏறி, நாலு பேர் பார்க்கக் கம்பியைப் பிடிக்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். பக்கத்துச் சீட்டு அம்மாள் என் கையைப் பார்த்தார், பிறகு தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வைத்துக்கொள்ளட்டும். இன்று என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. வந்துவிட்டது! வீட்டு டீச்சக்கையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை வெள்ளிக் கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டேன். நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீர் போல இருந்தது மெல்ல மஞ்சளாகி, தங்க நிறத்தில் நின்றது. நின்றது என்பதுதான் முக்கியம். தங்க நிறம் என்றால் வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாகத் தனித்தனியாக மிதக்கிறது. கறுத்து அடியில் படிந்தால் துகள்கள் எல்லாம் கூட்டம் கூடிக் கட்டி தட்டிவிட்டன, அன்றைய உழைப்பு பாழ்.

மேடத்திடம் காட்டினேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. பாராட்டினால் பல்லில் வலி வரும் என்று நினைப்பவர்.

"நல்லா இருக்கு. திரும்ப வருமா?"

எதிர் மேஜைக்காரியும் இதே துகளைத்தான் செய்கிறாள், ஆனால் கடும் ரசாயனம் போட்டு. அஞ்சே நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அதனால் அவள் பெயர் அஞ்சுநிமிஷம். அவள் காலடியில் மண்டை ஓடு படம் ஒட்டிய கழிவு டிரம் ஒன்று எப்போதும் இருக்கும். "நீ குப்பையில ஆரம்பிக்கிறே, நான் குப்பையில முடிக்கிறேன்" என்பாள். கெட்டவள் இல்லை. அவளுக்கு வேலை சீக்கிரம் முடிவதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 5, வியாழன்

திரும்ப வந்தது. தங்கம்.

மார்ச் 8, ஞாயிறு

என் வெற்றியில் மாமாவுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை எழுதி வைக்க வேண்டும்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது வீட்டுக்கு வந்தால், முதலில் முகத்தைப் பார்ப்பார், அடுத்து சட்டைப் பையைப் பார்ப்பார். பழக்கம். இப்போது சர்க்கரை நோய். டாக்டர் "சர்க்கரையைத் தொடவே கூடாது" என்று சொன்ன அன்றே, என் கணவர் சர்க்கரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இவர் ஒரு கணக்காளர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். அப்பா மனம் கஷ்டப்படக்கூடாது என்று எங்களுக்கும் சேர்த்து டீயில் சர்க்கரை கட். மூவருக்கும் ஒரே பாத்திரத்தில் ஒரே கசப்பு.

டீ போடுவது மாமாதான். அத்தை போன பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. எனக்கு ஒரு டம்ளர், இவருக்கு ஒரு டம்ளர், அடியில் சக்கையோடு சக்கையாக மிஞ்சுவது அவருக்கு. "நல்லதா எடுத்துக்கோங்க, எனக்கு அடி டீ போதும்" என்பார். பிறகு அந்தச் சக்கையை டப்பாவில் போட்டு என் பைக்குள் வைத்துவிடுவார். பாவம், சமையலறை ஈரத்தில் காலை வேளையில் ஒரு இருமல் வேறு வருகிறது. ஜன்னலோரம் இருமல் மருந்து பாட்டில் வைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய மனசு!

மார்ச் 10, செவ்வாய்

மேடம் தேதி சொல்லிவிட்டார். ஏப்ரல் 2, என் ஆராய்ச்சியை மதிப்பிட மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரே செய்து காட்ட வேண்டும். அதுவும் என் வீட்டுச் சக்கையில் இல்லை, எங்கள் கேன்டீன் சக்கையில்.

"எல்லா வீட்டு டீயிலயும் வந்தாத்தான் அது முறை. உங்க வீட்டு டீயில மட்டும் வந்தா அது உங்க வீட்டு டீ" என்றார்.

வராவிட்டால் தலைப்பையே கைவிட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒருமுறை காலக்கெடுவை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை கேட்க எனக்கே வாய் வராது. சரி, சக்கை எங்கேயும் சக்கைதானே. என்ன பயம்?

மார்ச் 11, புதன்

கேன்டீன் சக்கை: கறுப்பு.

மார்ச் 12, வியாழன்

கறுப்பு. கேன்டீனில் என்ன தூள் போடுகிறார்களோ.

மார்ச் 13, வெள்ளி

எங்கள் வீட்டு டீத்தூள் பாக்கெட்டையே ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் டீ போட்டேன். அஞ்சுநிமிஷம் ஒரு கப் குடித்துவிட்டு "டீ நல்லா இருக்கு" என்றாள். சக்கையில் செய்தது மட்டும் தார் மாதிரி அடியில் உட்கார்ந்துவிட்டது.

தூள் ஒன்றே. அப்படியென்றால் தண்ணீரா?

மார்ச் 16, திங்கள்

வீட்டுத் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, டீப் பாத்திரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாத்திரத்தின் அடி கரி. என் விரலும் கரி. கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "எங்கேம்மா வேலை?" என்றார். "நானோ தொழில்நுட்பம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

பலன்: கறுப்பு. எங்கள் வீட்டில் மாமா வேறொரு பாத்திரத்தில் டீ போட்டு, சக்கையை வழக்கம்போல் டப்பாவில் கொடுத்திருந்தார். அது மட்டும் தங்கம். பாத்திரத்துக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் பாக்கி.

மார்ச் 17, செவ்வாய்

இவருக்கும் ஒரு மர்மம். மாமா காலையில் எழுந்ததும் பார்த்தால் சர்க்கரை அளவு பரவாயில்லை. டீ குடித்து, ரொட்டி சாப்பிட்ட பிறகு பார்த்தால் எகிறுகிறது. இவர் முதலில் ரொட்டியை மாற்றினார். பிறகு பிஸ்கட் டப்பாவைப் பூட்டினார். இன்று மாமா குளிக்கப் போனபோது அவர் சட்டைப் பைகளைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"மிட்டாய்."

கிடைத்தது ஒரு கைக்குட்டையும், பழைய ரயில்வே விசிலும்.

எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. என் வெள்ளியே என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 18, புதன்

மாமா நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கிறார். ஞாயிறுதான் வருவார். டீ நான் போடுகிறேன்.

மார்ச் 19, வியாழன்

வீட்டுச் சக்கையிலும் கறுப்பு! வீட்டுத் தூள், வீட்டுத் தண்ணீர், வீட்டுப் பாத்திரம், வீட்டு அடுப்பு. இனி வீட்டையே எடுத்துப்போய் ஆய்வகத்தில் வைத்தாலும் வராது போலிருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

கறுப்பு. மேடம் என் மேஜைப் பக்கம் வந்தார். வரிசையாக நின்ற குடுவைகளைப் பார்த்தார். காலண்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இத்தனை வருடம் படித்து நான் கற்றது என்ன, டீ போடவா? அதுவும் வரவில்லையே!

மார்ச் 23, திங்கள்

மாமா வந்துவிட்டார். சக்கை வந்துவிட்டது. தங்கமும் வந்துவிட்டது.

அஞ்சுநிமிஷம் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஒண்ணு கவனிச்சியா? உங்க மாமனார் ஊர்ல இருந்தாத்தான் உனக்கு ரிசல்ட் வருது. ஆராய்ச்சிக் கட்டுரையில அவரையும் ஒரு மூலப்பொருளா போட்டுடு."

சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. உண்மைதானே? கொதிக்கவிடும் நேரமா, தீயின் அளவா? அவர் கையில் ஏதோ பக்குவம் இருக்கிறது. நாளைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 24, செவ்வாய்

வெப்பமானி, கடிகாரம், தராசு எல்லாவற்றோடும் மாமா பக்கத்தில் நின்றேன். மனிதர் நெளிந்தார்.

"நீ போய் உக்காரும்மா. டீ போடறத என்ன வேடிக்கை?"

"உங்க கைப்பக்குவம்தான் மாமா என் ஆராய்ச்சியே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று இருமினார். மருந்து பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மருந்து குடிக்கவில்லை. கடைசி டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

அந்தச் சக்கையில் செய்தேன். கறுப்பு!

நான் பார்த்தால் வரவில்லை, பார்க்காவிட்டால் வருகிறது. இவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றாமலேயே "அப்ப பார்க்காத" என்றார். இவருக்கு இன்று சந்தோஷம், காலை உணவுக்குப் பிறகும் மாமாவின் சர்க்கரை அளவு சரியாக இருந்ததாம். ரொட்டியை மாற்றிய பலன் என்கிறார்.

மார்ச் 25, புதன்

நான் பார்க்கவில்லை. தங்கம்.

எனக்கே நான் ராசியில்லையா? இப்படி எழுதுகிறேனே, நான் விஞ்ஞானியா?

மார்ச் 26, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை.

அஞ்சுநிமிஷம்தான் சொன்னாள், "கைப்பக்குவம்னு பேசறத விட்டுட்டு சக்கையில என்ன இருக்குன்னு பாரேன்." ஒவ்வொரு சோதனையாகச் செய்தோம். உப்பு இல்லை. இரும்பு இல்லை. கடைசியில் சும்மா இருக்கட்டும் என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்வார்களே, அந்த நீலக் கரைசலை விட்டுச் சூடுபடுத்தினேன். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். குளுக்கோஸ் வகைச் சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும்.

கேன்டீன் சக்கை நீலம். நான் போட்ட டீயின் சக்கை நீலம். நேற்று மாமா கொடுத்த சக்கை — சுத்தச் செங்கல்.

"ஹை, சர்க்கரை!" என்று அஞ்சுநிமிஷம் கைதட்டினாள். "இதாண்டி உன் ரகசியம். இதுதான் துகள்களை ஒட்டவிடாம பிடிச்சு வெச்சிருக்கு. ஆமா, உங்க வீட்லதான் யாரும் டீயில சர்க்கரையே போடறதில்லையே?"

எனக்கு ஜன்னலோரப் பாட்டில் கண்முன்னால் வந்துவிட்டது. அடி டீ. இருமல். முகச்சுளிப்பு. இவர் பார்க்கும் சர்க்கரை அளவு. எல்லாம் வரிசையில் வந்து நின்றன. நான் தேடியதும் இவர் தேடியதும் ஒன்றையே! வீட்டில் இரண்டு பேர் துப்பறிந்துகொண்டிருந்தோம், நடுவில் உட்கார்ந்து அவர் நிம்மதியாக டீ குடித்திருக்கிறார்.

மார்ச் 27, வெள்ளி

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். எங்கள் இரண்டு டம்ளரையும் ஊற்றினார். ஒரு இருமல். மருந்து பாட்டிலைத் திறந்து, டீச்சக்கை இருந்த பாத்திரத்துக்குள்ளேயே தாராளமாகக் கவிழ்த்தார். பாத்திரத்தைச் சுழற்றினார். வடிகட்டினார். கண்ணை மூடிக்கொண்டு முதல் வாய் குடித்தார். அந்த முகத்தை நான் அத்தை போன பிறகு பார்த்ததே இல்லை.

உள்ளே போனேன்.

"மாமா, அந்த இருமல் மருந்தக் கொஞ்சம் குடுங்க. எனக்கும் தொண்டை கரகரங்குது."

திருதிருவென விழித்தார். பாட்டிலைக் கொடுத்தார். கறுத்த விரலில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தேன். தேன்.

"எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாரு?"

கையிலிருந்த டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம், "சர்வீஸ்ல எத்தனை பேரப் பாத்திருக்கேன். பாத்ரூம்ல ஒளிஞ்சிருப்பான். கதவத் தட்டினா உடனே இருமுவான். இருமினாலே டிக்கெட் இல்லன்னு எனக்குத் தெரியும். கடைசில நானே இருமிட்டேன் பாத்தியா" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, ஃபைன் எவ்ளோ?"

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் ஜெயித்தது. "விளையாட்டா மாமா? உங்க அண்ணன், பெரிய மாமாவுக்கு இதே சர்க்கரையால கால் விரல் எடுத்தாங்களே, மறந்துட்டீங்களா? அவர் பையன் ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து அழுதத நாமதானே பாத்தோம்! உங்க பையன் அங்க உக்காரணுமா?"

"தேன் மருந்துதானேன்னு..."

"காது குத்தாதீங்க."

தலையைக் குனிந்துகொண்டார். "உங்க அத்தை எனக்கு ரெண்டு ஸ்பூன் போட்டுட்டு ஒண்ணுதான் போட்டேன்னு சொல்லுவா. அவ போனதுக்கப்புறம் காலைல எழுந்திரிக்க ஒரு காரணம் வேண்டியிருந்துதும்மா. ஒரு டம்ளர்தான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குழு வருவதையும், அவர் போட்ட தேனால்தான் என் வெள்ளி தங்க நிறத்தில் நின்றதையும் சொன்னேன். நீலம், செங்கல் எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப என்னாலதான் வந்துதுங்கிறே."

"ஆமா."

"பரீட்சை வியாழக்கிழமைதானே? அதுவரைக்கும் போடட்டுமா?"

நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நொடி கணக்குப் போட்டுவிட்டேன், பாவி மனசு! அடுத்த நொடி பாட்டிலை மூடி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். "இனிமே நான் போட்டுக்கறேன். குடுவைல."

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா."

"செய்முறைல தேன்னு எழுதித்தான் ஆகணும் மாமா. எழுதினதுல பிழை திருத்தித் தர்றது உங்க பையன்தான்."

மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப நானே சொல்லிடறேன். கொஞ்சம் டைம் குடு."

மார்ச் 28, சனி

கேன்டீன் சக்கையில் அளந்து தேன் விட்டேன். தங்கம்! அஞ்சுநிமிஷம் அவள் வீட்டுச் சக்கையைக் கொண்டுவந்தாள். அதிலும் தங்கம். அவளையே செய்யச் சொன்னேன். அவள் கையிலும் தங்கம். அதைவிட, கழிவு டிரம்மைக் காலால் தள்ளிவிட்டு, "இதுல மிஞ்சினத செடிக்கு ஊத்தலாமா?" என்றாள். கூடாது, வெள்ளி இருக்கிறது என்றேன். "அப்ப நீயும் ரொம்ப யோக்கியம் இல்ல" என்றாள். ஆனாலும் செய்முறையைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டுதான் போனாள்.

மார்ச் 30, திங்கள்

இவர் சிவப்புப் பேனாவோடு என் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார். மாமா எதிரில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"தேனா? திடீர்னு எங்கேர்ந்து தேன் வந்துது?"

மாமா இருமினார். இந்த முறை நிஜ இருமல் போலிருக்கிறது, நிற்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எங்கிட்டேர்ந்துதான்" என்றார். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

இவர் கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. இடுப்பிலிருந்து பீரோ சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "இதப் பூட்டி என்ன பிரயோஜனம்" என்று மட்டும் சொன்னார். மாமா சாவியை எடுத்துத் திரும்ப இவர் கையில் திணித்தார். "பூட்டியே வை. எனக்கு என்மேல இன்னும் நம்பிக்கை வரல."

மார்ச் 31, செவ்வாய்

தண்டனையாக மாமாவின் டீ உரிமை பறிக்கப்பட்டது. இவர் டீ போட்டார். அந்த டீயில் சர்க்கரை இல்லாதது ஒரு குறையாகவே தெரியவில்லை, மற்றக் குறைகள் அவ்வளவு.

ஏப்ரல் 1, புதன்

மூவரும் கூடிப் பேசி மாமாவுக்கு டீ உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

ஏப்ரல் 2, வியாழன்

குழுவில் மூன்று பேர். மூன்றாவது ஆள் தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்றே தெரியவில்லை. கேன்டீன்காரர் நேரே வந்து சக்கையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சொட்டுச் சொட்டாக விட்டேன். பச்சைத் தண்ணீராகவே நின்றது. இன்னும் நின்றது. மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அப்புறம் மஞ்சள். அப்புறம் தங்கம். அவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் தங்கம்.

தூங்கியவர் கண்ணைத் திறந்தார். "தேன் போடணும்னு எப்படித் தோணிச்சு?"

அழகாகப் பூசி மெழுகலாம்தான். மனம் வரவில்லை. "எனக்குத் தோணல சார். எங்க வீட்ல ஒருத்தர் எனக்குத் தெரியாம போட்டுட்டாரு."

சிரித்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் மாமா! பழைய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பரிசோதகர் தோரணையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். எப்போது வந்தாரோ. யார் விட்டார்களோ. அவரிடம் யார் டிக்கெட் கேட்பார்கள்?

மேடம் வெளியே வந்து, "தேறிட்டே. எழுதறப்போ 'தற்செயலா'ன்னு எழுது, 'மாமனார்'னு எழுதாதே" என்றார். அதாவது பாராட்டிவிட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

கேன்டீனில் தினமும் ஒரு வாளி சக்கை தருகிறார்கள். வீட்டுச் சக்கை எனக்கு இனி வேண்டாம். சொல்லியும் மாமா கேட்கவில்லை. இன்றும் பைக்குள் டப்பா.

நானும் ஒன்று செய்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை. தினமும் அந்தச் சக்கையில் கொஞ்சம் எடுத்து நீலக் கரைசலை விட்டுப் பார்க்கிறேன். சந்தேகப்படுவது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஜூன் 30, செவ்வாய்

மாமாவின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி நேற்று வந்தது. இறங்கியிருக்கிறது, நன்றாகவே. இவர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பீரோவைத் திறந்து மாமாவுக்கு ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். மாமா பாதியை எனக்கு நீட்டினார்.

காலையில் டீ. எனக்கு, இவருக்கு, அடி டீ அவருக்கு. இருமல் போயே போய்விட்டது. நான் கிளம்பும்போது மாமா வாசல் வரை வந்து டப்பாவைக் கையில் கொடுத்தார்.

"மாமா, சக்கை வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது? எனக்குத்தான் வேலை முடிஞ்சிடுச்சே."

"உன் வேலை முடிஞ்சுது. என்னுது முடியலையே" என்றார். "பரிசோதகர் கேக்கட்டும்னா உக்காந்திருக்கறது? டிக்கெட் வாங்கினவன் கைலயே எடுத்து வெச்சிருப்பான். இன்னிக்கும் நீலமாத்தான் இருக்கும், போய்ப் பாரு."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆய்வகத்துக்குப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன்.

நீலம்.